கட்டை அவிழ்த்துப் பார்த்த பிறகு

மூன்று மாதமாக எனது காரின் பின்பக்கத்தில் ஒரு கயிற்றுக் குவியல் கிடக்கிறது. எட்டு மில்லிமீட்டர் பொலியெஸ்ரர் கயிறு. ஒருகாலம் வெள்ளையாக இருந்தது, இப்போது எசெக்ஸ் சேற்றின் நிறம். எறியவும் மனமில்லை, திரும்பப் பாவிக்கவும் முடியாது. ஒன்பது வருடம் அந்தக் கயிறுதான் எங்கள் படகின் இரண்டு ஓடங்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அதை அவிழ்த்தேன். அதற்குப் பிறகுதான், மூன்று வருடமாக எடுக்க முடியாமல் இருந்த முடிவை எடுக்க முடிந்தது.

படகைப் பற்றி இந்தப் பதிவுகளில் முன்பும் எழுதியிருக்கிறேன், ஆனால் முழுவதுமாகச் சொன்னதில்லை. 26 அடி நீளம், 15 அடி அகலம். ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் வரைந்த ‘டிக்கி 26’ என்ற வகை. இரண்டு ஒடுங்கிய ஓடங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் மர விட்டங்கள், நடுவில் ஒரு தட்டு, ஒரு பாய்மரம். ஒன்றரை அடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். எல்லாமாக ஏறத்தாழ 700 கிலோ. பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் எப்பொக்சிப் பசையை அப்பி, வெளியில் கண்ணாடி நார்த் துணி ஒட்டிக் கட்டுவது. ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் 1989-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கி மூன்று வருடத்தில் கட்டி முடித்தார். 2014-இல் அவரிடமிருந்து நான் வாங்கினேன். இங்கிலாந்தின் எசெக்ஸில், பிளாக்வாட்டர் ஆற்றின் கழிமுகத்தில், வற்று நேரத்தில் சேற்றில் இருக்கிற ஒரு கட்டுமிடத்தில்தான் அன்றிலிருந்து நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே தண்ணீர் நாலரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஆழ அடிக்கட்டை உள்ள படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்போது இது மட்டும் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் பெருமைதான்.

வீட்டில் அதற்கு ‘மரம்’ என்று பெயர். “மரத்துக்குப் போறன்” என்றால் மகளுக்கும் மனுசிக்கும் விளங்கும்.

கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய கட்டுமரம் என்பது தமிழ் வாசகர் எல்லோருக்கும் தெரியும். சோழமண்டலக் கரையில் கண்டதை வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தன் பயணநூலில் எழுதியதிலிருந்து அந்தச் சொல் ஆங்கிலத்தில் நடமாடுகிறது. ஆனால் அவர் கண்டது பக்கம் பக்கமாக வைத்துக் கட்டிய மரங்கள், ஒரே மிதவை. இன்று உலகம் கட்டமரான் என்று சொல்வது இரட்டை ஓடம், அது பசிபிக் தீவுக்காரரின் செல்வம். அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை ஓடத்தை ஓட்டி மற்றப் பாய்ப்படகுகளை முந்தினார். எங்கள் கழிமுகத்திலிருந்து தெற்கே கொஞ்சத் தூரத்தில், தேம்ஸ் ஓரத்துக் கான்வி தீவில், 1952 ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்ட ரோலண்ட், பிரான்சிஸ் ப்ரவுட் சகோதரர்கள் 1950-களில் இரட்டை ஓடப் பாய்ப்படகுகளைக் கட்டி விற்கத் தொடங்கினார்கள். பெயர் நம்முடையது, பொருள் வேறொருவருடையது என்று இதை நான் பல வருடம் எண்ணியிருந்தேன்.

ஜேம்ஸ் வாரத்தின் படகுக்கு வந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. மற்றவர்கள் இரண்டு ஓடங்களையும் ஃபைபரில் ஒரே வார்ப்பாக வார்ப்பார்கள், அல்லது இரும்புப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். வாரம் கயிற்றால் கட்டினார். மன்செஸ்ரரில் பிறந்தவர், பொலினீசியரின் இரட்டை ஓடங்களைப் படித்துப் படித்து அவற்றின் நுட்பத்தை நம்பியவர். 1950-களின் நடுவில், 23 அடி 6 அங்குலப் படகொன்றைத் தானே கட்டி, இரண்டு ஜெர்மன் தோழியரோடு அத்லாந்திக்கைக் கடந்து டிரினிடாட் போனார். அடுத்த படகை அங்கேயே கட்டி, 1959-இல் நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்துக்கு ஓட்டி வந்தார். 2021 டிசம்பரில் காலமாகும் வரைக்கும் அவர் சொல்லி வந்தது ஒன்றுதான்: அலை ஒரு ஓடத்தைத் தூக்கி மற்றதை இறக்கும்போது இணைப்பு கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், அசையாத இணைப்பில் சுமை முழுவதும் ஒரே இடத்தில் விழும், அந்த இடம்தான் உடையும். கரையில் உடைகிற அலைக்குள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆகவே என் படகு வடிவத்தால் பொலினீசியன் என்றாலும், கட்டப்பட்டிருக்கும் முறையால் கட்டுமரம்தான். பெயருக்கு உரிமை உள்ள கட்டமரான்.

கட்டப்பட்டது என்றால் அவிழ்க்கவும் வேண்டும். அதை நான் செய்யவில்லை.

2018-இல் ஒரு பட்டறையிடம் சூரியத் தகடு பொருத்தக் கொடுத்தேன். இடது ஓடத்தின் மேல்தட்டில், நடு விட்டம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஆறு ஸ்க்ரூவை நேராகப் பலகைக்குள் இறக்கியிருந்தார்கள். முறை என்னவென்றால், தேவையானதை விடப் பெரிய துளை போட்டு, அதை எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அந்தப் பசைக்குள்தான் ஸ்க்ரூவுக்கான துளை போட வேண்டும். அப்போது தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. அதை அவர்கள் செய்யவில்லை, நானும் கழற்றிப் பார்க்கவில்லை. 2020 வசந்தத்தில் யாரும் எங்கும் போக முடியாத மாதங்கள் வந்தன. படங்கு கிழிந்து, அந்தத் தட்டில் மழை தேங்கி நின்றிருக்கிறது.

மரப்படகை அழிப்பது கடல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடல்நீரில் புழு உண்டு, அது வேறு கதை. ஆனால் உளுத்துப்போகச் செய்கிற பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அந்தக் காலத்தில் மரக்கப்பல்களின் வங்குகளுக்கிடையில் உப்பைக் கொட்டி வைத்ததே அதற்காகத்தான். பூஞ்சைக்கு வேண்டியது நல்ல தண்ணீர், காற்று, கொஞ்சம் சூடு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி அப்படியே நின்றால் அது வேலையைத் தொடங்கிவிடும். வெளியில் எப்பொக்சியும் துணியும் பெயின்றும் பளபளவென்று இருக்க, உள்ளே பிளைவுட் ஈரக் கடதாசியாகிக்கொண்டிருக்கும். உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை. தண்ணீரைத் தடுக்கப் பூசிய அதே பூச்சு தண்ணீரைச் சிறைவைத்தும் விடுகிறது.

2022 வைகாசியில் அந்த இடத்தை மிதித்தபோது பாதத்துக்குக் கீழே ஒரு மெத்தென்ற உணர்வு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல பலகை ‘டொக்’ என்று சொல்லும், அது ‘தப்’ என்றது. எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த ‘தப்’ சத்தத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த வருடங்களில் நான் ‘திருத்துவதா, விற்பதா’ என்று யோசித்துக்கொண்டிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு வேண்டிய விபரமே என்னிடம் இல்லை. அழுகல் ஒரு கையகலமா, ஒரு கதவகலமா என்பது தெரியாமல் எதைக் கணக்குப் போடுவது? தெரிந்துகொள்ளப் பயம். தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டி வரும்.

படகுக் குறிப்பேட்டில் வருடத்துக்கு எத்தனை நாள் பாய் விரித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். 2016-இல் 34 நாள். 2019-இல் 27. 2022-இல் 11. 2024-இல் 4. போன வருடம் 2. வயதான படகை வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, போன வருடம் எத்தனை நாள் போனாய் என்று எண்ணு, பத்துக்குக் குறைந்தால் வித்துவிடு என்பது. அந்தக் கணக்கின்படி நான் எப்போதோ விற்றிருக்க வேண்டும். ஆனால் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. 2022-க்குப் பிறகு ஓடிய நாட்கள் எல்லாமே இலேசான காற்று நாட்கள். காற்றின் வேகம் அளவுகோலில் நான்காம் எண்ணைத் தொட்டால் நான் கரையிலேயே நின்றிருக்கிறேன். இந்தக் கழிமுகத்தில் அப்படி நின்றால் வருடத்தில் பாதி நாள் போய்விடும். விருப்பம் குறைந்ததால் நாட்கள் குறையவில்லை. அந்த விட்டத்தடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அதன்மேல் பாயின் பாரத்தை ஏற்ற மனம் வரவில்லை. நோயின் அறிகுறியை நோய்க்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

போன ஆனியில் ஒருமுறை விற்கவும் முயன்றேன். இளம் சோடி ஒன்று வந்தது, இருவருக்கும் முப்பது வயதுகூட இருக்காது. பாயை விரித்துப் பார்த்தார்கள். இந்தப் படகின் பாய் பாய்மரத்தையே உறைபோலச் சுற்றிக்கொள்ளும், அது அவர்களுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. கோடையில் நெதர்லாந்து வரைக்கும் போகலாமா என்று கேட்டாள் அந்தப் பெண். நான் அந்த மெத்தென்ற இடத்தைக் காட்டினேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்தப் பையன் என்னை ஒரு கணம் பார்த்தான். அதில் கோபமில்லை. “மூன்று வருடமாகத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டான். இருந்தபடியே எடுப்பதென்றால் 1,200 பவுண் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த நாட்டில் இரண்டாம் கைப் படகைத் தனியாள் தனியாளுக்கு ‘பார்த்தபடி’ என்று எழுதி விற்கலாம். பொய் சொல்லக்கூடாது, கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் சொல்லக்கூடாது, அவ்வளவே சட்டம். வட கடலில் அந்த இரண்டு பிள்ளைகளும் இந்த விட்டத்தை நம்பி நிற்பதை நினைத்தபோது சட்டம் போதவில்லை.

அன்றிரவு மேசையில் கணக்கோடு உட்கார்ந்தேன். அதை அப்படியே இங்கே தருகிறேன், இதேபோல் ஒரு பழைய படகை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்குப் பயன்படும். அவர்கள் சொன்ன விலை 1,200. என் படகின் வெளிப்பொறியும், பாய்களும், நங்கூரமும் சங்கிலியும் தனித்தனியே விற்றால் 1,100 தேறும். அப்படியென்றால் இரண்டு ஓடங்களுக்கும் அவர்கள் தந்த விலை நூறு பவுண். பழைய படகுகள் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது: வாங்குபவர் பொறிக்கும் பாய்க்கும் காசு தருகிறார், உடல் இலவசமாகப் போகிறது. நல்ல நிலையில் இருக்கும் இதே வகைப் படகுக்கு நான் கண்ட விளம்பரங்களில் ஆறாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். 6,500 என்று வைத்தேன். பிளைவுட், எப்பொக்சி, துணி, கயிறு, பெயின்ற், பாய்மரத்தைப் பிடிக்கும் புதிய கம்பிகள் எல்லாம் 1,900 வரும். இதுவரை நான் போட்ட எந்தப் படகுக் கணக்கும் கூடாமல் இருந்ததில்லை என்பதால் 2,500 என்று எழுதினேன். வேலை 250 மணித்தியாலம். 6,500-இல் 2,500-ஐக் கழித்து, இப்போதே கிடைக்கும் 1,200-ஐயும் கழித்தால் மிச்சம் 2,800. அதை 250-ஆல் பிரித்தால் மணிக்கு 11 பவுண் 20 பென்ஸ். 2025 ஏப்ரலிலிருந்து இங்கே குறைந்தபட்சக் கூலியே 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது.

எனவே திருத்தி விற்பது என்ற வழி அன்றிரவே அடைபட்டது. மிச்சம் மூன்று. இருந்தபடி விற்பது. அறுத்து எறிவது, அதற்கும் கூலியும் குப்பைக் கட்டணமும் உண்டு. அல்லது, திருத்தி வைத்திருப்பது. இதில் வருடச் செலவையும் சேர்க்க வேண்டும்: கட்டுமிடம் 620, காப்புறுதி 140, அடிப்பூச்சும் சில்லறையுமாக இன்னொரு 200. ஒன்றும் செய்யாமல் இருந்த மூன்று வருடத்தில் இந்தக் காசு மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் போயிருக்கிறது. திருத்துகிற செலவை விடக் கூட.

அடுத்த ஞாயிறு, இலங்கையில் எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் இருக்கும் பெரியப்பாவோடு ஃபோனில் கதைத்தேன். எண்பத்து நாலு வயது. சின்ன வயதில் படகு கட்டும் ஓடாவிமாருக்குக் கையாளாக நின்றவர், பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடித்தவர். பர்மாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் தோணிகள் ஓடிய ஊர் எங்களுடையது. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’யை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டியதும், அது எங்களூர் மாலுமிகளோடு அத்லாந்திக்கைக் கடந்து 1938-இல் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. பெரியப்பாவுக்கு அந்தக் கப்பல் போனது ஒருவிதத்தில் பெருமை, ஒருவிதத்தில் இன்னும் ஆறாத துக்கம். “வித்தது பிழையில்லை, திரும்பி வராததுதான்” என்பார். ஆகவே விற்பதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் விற்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கடைசியா எப்ப கட்டு அவிட்டனீ?” என்று கேட்டார்.

“2016-இல, பெரியப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“ஒன்பது வரியமோ? தம்பி, கட்டுமரக்காரன் ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்தோண்ண கட்டை அவிட்டு மரத்தைத் தனித்தனியாப் போட்டுக் காய விடுவன். காயாட்டி மரம் தண்ணி குடிச்சுப் பாரமாப் போம், புழுவும் விழும். நீ கட்டினதோட விட்டிட்டு இப்ப விக்கிறதோ வைக்கிறதோ எண்டு கேக்கிறாய். முதல் அவிட்டுப் பார்.”

கட்டுமரத்தைக் கட்டுவதைப் பற்றியே எப்போதும் யோசித்திருக்கிறேன். தினமும் அவிழ்ப்பதும் அதே தொழிலின் பாதி என்பது, கரையில் காயப்போட்ட மரங்களைச் சிறுவயதில் கண்ணால் பார்த்திருந்தும், எனக்கு உறைத்ததில்லை. உலர்த்துவதற்கும், உளுத்த மரத்தை மட்டும் மாற்றுவதற்கும், தூக்கிச் சுமப்பதற்கும் வசதியாகவே அது ஆணியில்லாமல் கட்டப்படுகிறது. மரம் ஒவ்வொன்றும் தனியாக வயதாகலாம். ஒன்றை மாற்றினால் மற்றவை அப்படியே இருக்கும். அந்தப் பார்வையில் ‘இந்தப் படகை வைப்பதா, விற்பதா’ என்ற கேள்வியே தவறான அளவில் கேட்கப்பட்டிருக்கிறது. எந்த மரம் போய்விட்டது என்பதுதான் முதற் கேள்வி.

ஒக்டோபர் பதினோராம் நாள், இலையுதிர்கால உயர் ஓதங்களில் ஒன்றில், படகைக் கரைமேட்டுக்கு ஏற்றினோம். பெருக்கில் மிதக்க விட்டு, வற்றும்போது கட்டைகளில் உட்கார வைத்தோம். நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வந்தார். பாய்மரத்தை இறக்கிய பிறகு நான் நடு விட்டத்தின் இடதுபக்கக் கட்டிலிருந்து தொடங்கினேன். முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. கூர்முனைக் கம்பியைக் குத்தித் திருகி நெகிழ்த்த அரை மணித்தியாலம் பிடித்தது. பிறகு சுற்றுச் சுற்றாக வந்தது. விட்டத்தைச் சுற்றி, ஓடத்தின் பக்கத்தில் ஒட்டியுள்ள கட்டையின் அடியால், திரும்ப விட்டத்தின் மேல், நடுவில் இறுக்கிப் பிடிக்கிற குறுக்குச் சுற்றுகள். 2016-இல் என் கையே போட்ட சுற்றுகள். வெயில் படாத உட்புறத்தில் கயிறு இன்னும் புத்தம் புதிதாக வெள்ளையாக இருந்தது.

விட்டத்தைத் தூக்கியதும் மணம் வந்தது. நல்ல மழைக்குப் பிறகு காட்டில் விழுந்த மரத்தடியில் வருமே, அந்த மணம்.

மேல்தட்டில் உளியை வைத்துத் தள்ளினேன். துணியும் பெயின்றும் தோலாக உரிந்து வந்தன, அதன் கீழே கபிலநிறத் தூள். கையால் அள்ளினேன். ஒரு சாண், இரண்டு சாண் என்று தேடிக்கொண்டே போனேன். விட்டம் உட்காரும் மெத்தைக்கட்டையின் அடியால் அது போயிருந்தது. அங்கே நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் அதற்கு நேர்கீழேதான் ஓடத்தின் தடுப்புச்சுவர். தட்டு அழுகினால் தட்டை மாற்றலாம். தடுப்புச்சுவரும் ஓடத்தின் பக்கப்பலகையும் சேர்ந்து போயிருந்தால் அந்த ஓடத்தை அறுத்துத் திரும்பக் கட்டுவதாகிவிடும். நான் எனக்கே போட்டிருந்த எல்லை அது. தடுப்புச்சுவர் போயிருந்தால் பொறியையும் பாயையும் விற்றுவிட்டு ஓடங்களை அறுப்பது என்று முதல்நாளே மனுசிக்குச் சொல்லியிருந்தேன்.

உள்ளே இறங்கி, கையடக்க விளக்கைப் பிடித்து, தடுப்புச்சுவரின் மேல் விளிம்பில் ஊசியைக் குத்தினேன். ஒரு விரலகலம் உள்ளே போனது. அதற்குக் கீழே குத்தினேன், இறங்கவில்லை. இன்னும் கீழே, இடமும் வலமுமாக இருபது இடத்தில் குத்தினேன். நல்ல மரம். அந்த ஆசிரியர் 1990-இலோ 91-இலோ பலகையின் விளிம்புகளையெல்லாம் மூன்று பூச்சு எப்பொக்சியால் அடைத்திருக்கிறார். யாருடைய கண்ணுக்கும் படாத அந்த விளிம்பில் அவர் காட்டிய கவனம்தான் அழுகலை அந்த விரலகலத்தில் மறித்து நிறுத்தியிருக்கிறது. வெளியே வந்து சொன்னபோது எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

நடு விட்டம் நல்லது. வலது ஓடத்தில் இரண்டு சின்ன இடங்கள் மட்டும். மொத்தச் சேதம் இடது மேல்தட்டில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், மெத்தைக்கட்டை, சுவரின் மேல்விளிம்பு. 250 மணித்தியாலம் என்று நான் பயந்து போட்டது 120-க்குள் வரும். மூன்று வருடம் முன்பே, அந்த ‘தப்’ சத்தத்தின் அன்றே திறந்திருந்தால் ஒரு வார இறுதியோடு முடிந்திருக்கும். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து திருத்துகிறேன் என்று சொன்னேன். மனுசி மறுக்கவில்லை. “திருத்துங்கோ. ஆனா தொகையை இப்பவே எழுதுங்கோ. அது முடிஞ்சால் நிப்பாட்டோணும்,” என்றா. 1,800 என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. “அடுத்தது, திருத்தி முடிஞ்சால் முதல் நாள் நானும் வருவன். காத்து இருக்கிற நாளாப் பாத்துச் சொல்லுங்கோ.” 2021-க்குப் பிறகு அவ மரத்தில் ஏறியதில்லை. நான் நம்பாத படகில் அவவை ஏற்றத் துணியாததால் நானே கூப்பிடவில்லை. அவவுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஃபைபர் படகு வைத்திருக்கும் இரண்டு வாசகர்கள் தங்கள் படகுகளை எப்படிச் சோதிப்பதென்று முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். உங்களுக்கும் முறை இதுவேதான், திறக்கும் இடம் மட்டும் வேறு. மேல்தட்டின் இரண்டு ஃபைபர்த் தோல்களுக்கிடையில் பால்சா மரமோ நுரையோ வைத்திருப்பார்கள். அதற்குள் இறங்கிய தண்ணீர்தான் அங்கே எதிரி. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் காப்புறுதிக்காரர் கேள்வி கேட்பார்கள், அந்தச் செலவை முதலே கணக்கில் சேருங்கள். பெரிய படகென்றால் மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து அறிக்கை வாங்குவது வீணாகாது. விற்பவருக்கும் அது உதவும், கையில் அறிக்கை இருந்தால் அந்தப் பையன் என்னைக் கேட்ட கேள்வியை உங்களை யாரும் கேட்க வேண்டி வராது.

இப்போது தை மாதம். அழுகலை நல்ல மரம் வரும்வரைக்கும் வெட்டி எடுத்தாயிற்று. வெட்டிய விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும், பலகையின் தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளச் சரிவு. 6 மில்லிமீட்டர்ப் பலகைக்கு 48 மில்லிமீட்டர். புதிய பலகையிலும் அதே சரிவைச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால்தான் இணைப்பு பலகையளவு பலம் பெறும். அதற்கு இன்னும் அவசரமில்லை. ஈர மரத்தில் எப்பொக்சி பிடிக்காது, பத்துப் பாகை வெப்பத்துக்குக் கீழே பசை சரியாக இறுகவும் மாட்டாது. எனவே படங்குக் கொட்டகையின் கீழ் இரண்டு ஓடங்களும் தனித்தனியாக, வாய் திறந்து, காற்றாடக் கிடக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈரமானியை அதே ஐந்து இடத்தில் அழுத்தி எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டு வருகிறேன். ஒக்டோபரில் 31. நத்தாருக்கு முந்திய கிழமை 24. நேற்று 19. பதினைந்துக்குக் கீழே வரவேண்டும்.

புதிய கயிறு வாங்கிவிட்டேன், அறுபது மீட்டர், அதே எட்டு மில்லிமீட்டர். சித்திரையில் பசை வேலை முடிந்தால் வைகாசியில் கட்டு. கட்டுகிற அன்றைக்கு ஃபோனில் காட்டச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. அங்கே அப்போது மாலையாகியிருக்கும், வெளிச்சம் போவதற்குள் தொடங்கச் சொன்னார், சுற்றுகளைத் தான் எண்ண வேண்டுமாம்.